நெல் வயலுக்கு பிஜிஎஸ் என்ற இயற்கை விவசாயச் சான்று வாங்குவது எப்படி? டெல்டாவில் புதிதாக இயற்கை விவசாயத்துக்கு வருவோருக்கு

திருத்துறைப்பூண்டிப் பக்கம் எங்கள் குடும்பத்துக்கு இரண்டேகால் ஏக்கர் நஞ்சை இருக்கிறது. யூரியாவையும் பூச்சிமருந்தையும் நிறுத்த எங்களுக்கு ஒரு போகம் போதுமானதாக இருந்தது. நிறுத்திவிட்டோம் என்பதை எங்களை அறியாத ஒருவர் நம்பும்படி காகிதத்தில் காட்டுவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அதில் ஓராண்டுக்கும் மேற்பட்ட காலம் எங்கள் சொந்தத் தவறுகளால் வீணானது. அந்தத் தவறுகளை நீங்களும் செய்ய வேண்டியதில்லை என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

எப்படிப் பயிர் செய்வது என்பதை இங்கே பேசப் போவதில்லை. பஞ்சகவ்யத்தையும் ஜீவாமிர்தத்தையும் பல தானிய விதைப்பையும் கற்றுத்தர நம்மாழ்வார் ஐயா கரூர் மாவட்டத்தில் தொடங்கிய வானகம் போன்ற இடங்கள் இருக்கின்றன. உங்கள் ஊரிலேயே செய்துகாட்ட ஒருவர் இருப்பார். சான்று பெறும் வழியை உட்கார்ந்து சொல்லித்தரத்தான் ஆள் கிடைப்பதில்லை.

1. எந்தச் சான்று என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

இயற்கை விளைபொருளுக்கு நம் நாட்டில் இரண்டு சான்றுமுறைகள் நடைமுறையில் இருக்கின்றன. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2017இல் கொண்டுவந்த ஒழுங்குமுறை இவ்விரண்டையுமே ஏற்கிறது.

முதலாவது, மத்திய வணிக அமைச்சகத்தின் கீழ் அபெடா என்ற வேளாண் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையம் நடத்தும் தேசிய அங்கக உற்பத்தித் திட்டம். அங்கீகாரம் பெற்ற ஒரு சான்றளிப்பு நிறுவனத்தின் ஆய்வாளர் வந்து வயலைப் பார்த்துச் சான்று தருவார். தமிழ்நாட்டில் இதை அரசே செய்கிறது. கோயம்புத்தூரைத் தலைமையிடமாகக் கொண்ட விதைச்சான்று மற்றும் அங்ககச் சான்றளிப்புத் துறைக்கு நீங்கள் விண்ணப்பிக்கலாம். நான் விசாரித்தபோது சிறு, குறு விவசாயிக்கு 2,700 ரூபாய், மற்ற விவசாயிக்கு 3,200 ரூபாய், குழுவுக்கு 7,200 ரூபாய் என்று கட்டணம் சொன்னார்கள்; போகுமுன் இப்போதைய தொகையைக் கேட்டுக்கொள்ளுங்கள். வெளிநாட்டுக்கு அனுப்புவதாக இருந்தால் இந்த வழிதான், வேறு வழியில்லை.

இரண்டாவது, மத்திய வேளாண் அமைச்சகத்தின் பங்கேற்பு உத்தரவாதத் திட்டம். ஊரில் எல்லோரும் பிஜிஎஸ் என்றுதான் சொல்கிறார்கள். இதில் வெளியாள் ஆய்வாளராக வருவதில்லை. ஒரே ஊரிலோ ஒட்டிய ஊர்களிலோ இருக்கும் விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து, ஒருவர் வயலை மற்றவர் ஆய்வு செய்து, ஒருவருக்கொருவர் பொறுப்பேற்கிறார்கள். சான்றுக்கென்று அரசுக்குக் கட்டணம் இல்லை. சான்று குழுவின் பேரில் மொத்தமாக வராமல் ஒவ்வொரு விவசாயிக்கும் தனித்தனியாக வருவதால், உங்கள் நெல்லை நீங்களே தனியாக விற்றுக்கொள்ளலாம்.

உள்ளூரிலும் சென்னை, திருச்சி போன்ற ஊர்களிலும் விற்கப்போகிறவருக்கு பிஜிஎஸ் போதும். ஆனால் சுற்றிலும் ஒருவர்கூட இயற்கை விவசாயம் செய்யாத ஊரில் நீங்கள் தனியாள் என்றால் இந்த வழி உங்களுக்குத் திறக்காது; முதல் வழிக்குப் போய்விடுங்கள். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆண்டு விற்றுமுதல் 12 லட்சம் ரூபாயைத் தாண்டாத சிறு உற்பத்தியாளர் தம் விளைபொருளை உண்பவருக்கே நேரடியாக விற்றால் இந்தச் சான்று கட்டாயமில்லை என்று அதே ஒழுங்குமுறையில் விலக்கு இருக்கிறது. சான்று பெற்ற இயற்கை உணவுக்கான ஜைவிக் பாரத் முத்திரையை மட்டும் போட முடியாது. தெரிந்த இருபது வீட்டுக்கு மட்டும் அரிசி கொடுக்கப் போகிறீர்கள் என்றால் இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவைத்துவிட்டு வயலுக்குப் போகலாம். கடைக்காரர் கேட்கும்போதுதான் சான்று தேவைப்படும்.

2. காகிதத்துக்கு முன் ஆள்

குழுவுக்குக் குறைந்தது ஐந்து பேர் வேண்டும். இந்த எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டு ஐந்து ஆதார் அட்டைகளைச் சேர்ப்பதுதான் புதியவர்கள் செய்யும் முதல் பிழை, நாங்களும் செய்தோம். எங்கள் முதல் குழுவில் ஒன்பது பேர் இருந்தோம். அவர்களில் இருவர் மானியம் வரும் என்ற நம்பிக்கையில் பெயர் கொடுத்தவர்கள். ஒருவர் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுக் கும்பகோணத்தில் இருந்தார். கூட்டத்துக்கு அவர் வரவே இல்லை. இன்னொருவர் வயலில், நாங்கள் ஆய்வுக்குப் போன அன்று காலையில், வரப்போரம் களைக்கொல்லிப் புட்டி ஒன்று கிடந்தது. அவர் எங்களுக்கு மாமன் முறை. "என்ன மாமா இது?" என்று கேட்டதற்கு, "வரப்புக்குத்தானே மாப்ள அடிச்சேன், வயலுக்கு இல்லையே" என்றார். அந்த ஆண்டு குழுவின் ஒப்புதல் மொத்தமாக நின்றுபோனது. இதில் அவரைச் சொல்லிக் குற்றமில்லை. வரப்பும் கணக்கில் சேரும் என்று சேர்க்கும்போதே நாங்கள் சொல்லியிருக்க வேண்டும்.

ஆகவே பெயர் சேர்ப்பதற்கு முன் ஒவ்வொருவரிடமும் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். நிலத்தில் இறங்கி வேலை செய்வது யார்? மாதம் ஒரு மாலை கூட்டத்துக்கு வர முடியுமா? வீட்டிலோ பங்காளிகளிடமோ ரசாயனம் போடும் வேறு துண்டு நிலம் இருக்கிறதா? தன் வயலில் தவறு நடந்தால் அதைக் குழுவிடம் தானாகவே சொல்வாரா? மூன்றாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். பாதி நிலத்தில் இயற்கை, மீதியில் ரசாயனம் என்று அதே பயிரை ஒருவர் இரண்டு விதமாக வைத்திருப்பதை பிஜிஎஸ் ஏற்பதில்லை. முழு நிலத்தையும் மாற்றும் எண்ணம் இல்லாதவரை அன்பாகச் சொல்லி அனுப்பிவிடுங்கள்.

நிலத்தில் உண்மையாக வேலை பார்ப்பது பெண்ணாக இருந்து பட்டா ஆணின் பெயரில் இருந்தால், கூட்டத்துக்கு அந்தப் பெண் வருவதே முறை. எங்கள் குழு தேறியதற்குப் பாதிக் காரணம், கணவர்களுக்குப் பதிலாக இரண்டு அக்காமார்கள் வரத் தொடங்கியதுதான். எந்த நாளில் என்ன தெளித்தார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரிந்திருந்தது.

ஏழு அல்லது எட்டுப் பேர் நல்ல அளவு. ஐந்து பேர் என்றால் ஒருவர் விலகினாலும் குழு கலைந்துவிடும். பதினைந்துக்கு மேல் போனால் ஆய்வுக்கே ஒரு வாரம் ஓடிவிடும்.

3. நிலத்தின் காகிதங்கள்

இவை இல்லாமல் எதுவும் நகராது. பட்டா, சிட்டா நகலை அரசின் இணையச் சேவைப் பக்கத்தில் கட்டணமின்றி எடுத்துக்கொள்ளலாம்; மாவட்டம், வட்டம், கிராமம், பட்டா எண் தெரிந்தால் போதும். புல வரைபடத்தையும் எடுத்துவையுங்கள். நடப்புப் பசலி ஆண்டின் அடங்கலில் உங்கள் பயிர் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் பாருங்கள். ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம், இரண்டு புகைப்படம் ஆகியவையும் எல்லோருக்கும் வேண்டும்.

டெல்டாவில் இங்கே மூன்று சிக்கல் வரும். முதலாவது, பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருப்பது அல்லது கூட்டுப் பட்டாவாக இருப்பது. பட்டா மாறும்வரை காத்திருந்தால் ஆண்டுகள் போய்விடும். கூட்டுப் பட்டாவில் உள்ள மற்றப் பங்குதாரர்களிடம், இன்ன சர்வே எண்ணில் இன்ன பகுதியில் இவர்தான் சாகுபடி செய்கிறார் என்று ஒப்புதல் கடிதம் வாங்கிவைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். இரண்டாவது, கோயில் நிலமும் மடத்து நிலமும். குத்தகைப் பதிவு யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள், குத்தகை ரசீதுகளை வரிசையாக அடுக்கிவையுங்கள். வாய்மொழிக் குத்தகையில் ஆண்டுதோறும் நிலம் கைமாறுமானால் சான்றுக்கு அந்த நிலத்தைக் கொண்டுவராதீர்கள். இரண்டாண்டு உழைப்பு அடுத்தவருக்குப் போய்விடும்.

மூன்றாவது சிக்கல் அற்பமாகத் தெரியும், ஆனால் எங்களுக்கு அதிக நாளைத் தின்றது அதுதான். பட்டாவில் "கோ. இராமையன்" என்றும் ஆதாரில் "ராமையன் கோவிந்தசாமி" என்றும் இருக்கும் பெயரைக் கணினி ஒரே ஆளாக எடுத்துக்கொள்ளாது. எங்கள் குழுவின் மூத்தவருக்கு இதோடு இன்னொரு தொல்லையும் சேர்ந்தது. அவருடைய ஆதாரில் இணைத்திருந்த கைபேசி எண் திருப்பூரில் வேலை செய்யும் மகனுடையது. ஒவ்வொரு முறையும் ரகசிய எண் அங்கே போகும், மகன் இரவு ஷிப்டு முடிந்து தூங்கிக்கொண்டிருப்பார், எண் காலாவதியாகிவிடும். இந்த வேலைக்கு இறங்குமுன் எல்லோருடைய ஆதாரிலும் அவரவர் கையில் இருக்கும் கைபேசி எண்ணைச் சேர்த்துவிடுங்கள். ஒரு நாள் அலைச்சலோடு போய்விடும்.

4. பதிவும் உறுதிமொழியும்

குழுக்கள் மேலே ஒரு ரீஜனல் கவுன்சிலின் கீழ் வரும். நமக்கும் காசியாபாத்தில் உள்ள இயற்கை வேளாண்மைக்கான தேசிய மையத்துக்கும் இடையில் நின்று, குழுவின் முடிவைச் சரிபார்த்து ஒப்புதல் தருவது அதன் வேலை. உங்கள் மாவட்டத்தில் யார் அந்தப் பொறுப்பில் இருக்கிறார்கள் என்பதை வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேளுங்கள். போகும்போது வெறுங்கையோடு போகாமல், உறுப்பினர் பெயர், ஊர், சர்வே எண், பரப்பு, பயிர் இவற்றை ஒரே தாளில் எழுதிக்கொண்டு போங்கள். நான் முதல் முறை போனபோது என்னிடம் அந்தத் தாள் இல்லை. மூன்று முறை திரும்பி வந்தேன்.

குழுவுக்கு ஒரு பெயரும், தலைவரும், கணினி தெரிந்த ஒருவரும் வேண்டும். பிறகு ஒவ்வொரு விவசாயியும் மூன்று தாள்களைத் தர வேண்டும். விண்ணப்பம் ஒன்று. கடந்த ஆண்டுகளில் எந்த வயலில் என்ன பயிர், என்ன உரம், என்ன மருந்து என்று சொல்லும் பண்ணை வரலாறு இரண்டாவது. தரநெறிகளைப் படித்துப் புரிந்துகொண்டேன், அதன்படி நடப்பேன் என்ற உறுதிமொழி மூன்றாவது. உறுதிமொழியை எல்லோர் முன்னிலையிலும் வாசித்துவிட்டுக் கையெழுத்து வாங்குங்கள். படிக்கத் தெரியாதவருக்கு இன்னொருவர் வாசித்துக்காட்ட வேண்டும்.

பண்ணை வரலாற்றில் பொய் எழுதாதீர்கள். "நாங்கள் எப்போதுமே உரம் போட்டதில்லை" என்று எழுதினால் சீக்கிரம் சான்று கிடைக்கும் என்று யாராவது சொல்வார்கள். கூட்டுறவுக் கடன் சங்கத்தில் உங்கள் பெயரில் உரம் வாங்கிய பதிவு இருக்கும். கடைசியாகத் தடைசெய்த பொருளைப் போட்ட நாள், உறுதிமொழி கொடுத்த நாள் ஆகிய இரண்டில் எது பிந்தியதோ அதிலிருந்துதான் மாற்றக் காலத்தை, அதாவது ரசாயனத்தை விட்டபின் முழுச் சான்றுக்குக் காத்திருக்க வேண்டிய காலத்தை, கணக்கிடுவோம் என்று எங்களுக்குச் சொன்னார்கள். நெல், உளுந்து போன்ற பருவப் பயிருக்கு மாற்றக் காலம் 24 மாதம். தென்னை, மா போன்றவற்றுக்கு 36 மாதம். எனவே உறுதிமொழி ஒரு போகம் தள்ளிப்போனால் சான்றும் ஒரு போகம் தள்ளிப்போகும்.

இங்கேதான் நாள் பார்க்க வேண்டும். மேட்டூரில் வழக்கப்படி ஜூன் 12ஆம் தேதி தண்ணீர் திறப்பார்கள். அதற்கு முன், சித்திரை வைகாசியில், வயல் காய்ந்து கிடக்கும்போதே பதிவையும் உறுதிமொழியையும் முடித்துவிடுங்கள். கூட்டம் கூட்டவும் ஆள் கிடைக்கும், பசுந்தாள் உரத்துக்குத் தக்கைப்பூண்டு விதைப்பதிலிருந்தே பதிவேடும் தொடங்கிவிடும். நாங்கள் ஆவணி நடுவில், நாற்றங்கால் வேலை தலைக்கு மேல் இருக்கும்போது பதிவுக்கு ஓடினோம். அந்தச் சம்பா கணக்கில் சேரவில்லை.

மண் மாதிரியையும் அதே கோடையில் எடுங்கள். வயலில் பத்துப் பதினைந்து இடத்தில் வளைந்து வளைந்து நடந்து, மேல் சருகை விலக்கி, ஆங்கில "வி" எழுத்துப்போல 15 சென்டிமீட்டர் ஆழக் குழி வெட்டி, இரு பக்கச் சுவரிலும் மேலிருந்து கீழாக ஒரே கனத்தில் மண்ணைச் சுரண்டி எடுங்கள். எல்லாவற்றையும் கலந்து நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பாகங்களை ஒதுக்கிக்கொண்டே வந்தால் அரைக் கிலோ மிஞ்சும். அதைத் துணிப்பையில் போட்டுப் பெயரும் சர்வே எண்ணும் எழுதிக் கொடுங்கள். வரப்போரம், மர நிழல், எருக்குவியல் இருந்த இடம் இவற்றில் எடுக்கக் கூடாது. யூரியா மூட்டைத் துண்டில் கட்டிக் கொடுத்தவரை எனக்குத் தெரியும். அவருடைய மண்ணில் தழைச்சத்து ஏராளமாக இருந்ததாம்.

5. வாமடையும் பக்கத்து வயலும்

உங்கள் வயல் சுத்தமாக இருப்பது போதாது. டெல்டாவில் வயல்விட்டு வயல் தண்ணீர் பாயும். மேல்வயல்காரர் நட்ட மூன்றாம் நாள் களைக்கொல்லி போட்டுவிட்டுத் தண்ணீரை விட்டால் அது உங்கள் வாமடை (வயலுக்குள் தண்ணீர் வரும் வரப்பு வாய்) வழியாகத்தான் உள்ளே வரும். வாய்க்காலிலிருந்து நேரடியாகப் பாயும் வயலைச் சான்றுக்குத் தேர்ந்தெடுப்பது நல்லது. அப்படி இல்லாவிட்டால் மேல்வயலுக்கும் உங்கள் வயலுக்கும் இடையே ஒரு கைவாய்க்கால் வெட்டி, வடியும் நீரைச் சுற்றி அனுப்புங்கள். இரண்டு ஆள் ஒரு நாள் வேலை. நிலத்தில் முக்கால் அடி போகும். எனக்கும் மனம் வரவில்லை. வெட்டிய பிறகு, வாய்க்கால் ஓரத்தில் சேப்பங்கிழங்கு நட்டு அந்த முக்கால் அடியை ஈடுகட்டினேன்.

மேல்வயல்காரரிடம் பேசிவையுங்கள். மருந்து அடிக்கும் நாளை முந்தின மாலையில் சொல்லச் சொன்னால் பெரும்பாலும் சொல்வார்கள். அன்று வாமடையை அடைத்துவிட்டு மூன்று நாள் திறக்காமல் இருக்கலாம். இப்போது ட்ரோன் வந்த பிறகு காற்றோடு வரும் தெளிப்பு பெரிய தொல்லையாகிவிட்டது. வரப்பில் அகத்தி, சீமை அகத்தி, ஆமணக்கு போன்றவற்றை நெருக்கமாக வையுங்கள். அந்தப் பக்கம் ஒன்றரை மீட்டர் அகலத்துக்கு விளையும் நெல்லைத் தனியே அறுத்துச் சான்றில்லாத நெல்லாக விற்றுவிடுங்கள். இதைப் பதிவேட்டிலும் எழுதுங்கள்; "பக்கத்து வயலில் தெளித்தார்கள், இத்தனை வரிசையை ஒதுக்கினோம்" என்ற வரி உங்களைக் காப்பாற்றும். ஒன்றும் நடக்காதது போல வெற்றாக இருக்கும் பதிவேட்டைத்தான் யாரும் நம்புவதில்லை.

வாடகைத் தெளிப்பானும் ஒரு பொறி. நேற்று களைக்கொல்லி அடித்த தெளிப்பானில் இன்று பஞ்சகவ்யம் அடித்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. குழுவுக்கென்று ஒன்று வாங்கி, அதை வெளியே கொடுப்பதில்லை என்று தீர்மானமே எழுதிவையுங்கள்.

6. விதையும் புட்டியும்

விதைக்கடையில் விற்கும் விதையில் பெரும்பாலும் பூஞ்சைக்கொல்லி கலந்திருக்கும். இளஞ்சிவப்பாகவோ நீலமாகவோ பூச்சு தெரியும். அதை விதைத்தால் அந்தப் போகம் போயிற்று. பாரம்பரிய நெல்லுக்கு எங்கள் பக்கத்தில் கவலையில்லை. நெல் ஜெயராமன் அண்ணன் தொடங்கிவைத்த நெல் திருவிழாவில் 2 கிலோ விதை வாங்கினால் அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்பது ஏற்பாடு. மாப்பிள்ளைச் சம்பா, கறுப்புக் கவுனி, தூயமல்லி என்று எதை எடுத்தாலும், யாரிடம், எந்த நாளில், எவ்வளவு வாங்கினீர்கள் என்ற சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

அடுத்த பொறி "இயற்கை டானிக்" புட்டிகள். லேபிளில் இலையும் பசுவும் இருக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று உட்பொருள் பட்டியல் இருக்காது. "ஒரே வாரத்தில் புகையான் ஓடிப்போகும்" என்று சொல்லும் எந்தப் புட்டியையும் நான் நம்புவதில்லை. கடையில் வாங்கும் எந்த இடுபொருளையும் முதலில் குழுவில் வைத்து ஒப்புதல் பெற்ற பிறகே வயலுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று விதி வைத்துக்கொள்ளுங்கள். பில்லும் காலிப் புட்டியும் ஆய்வு முடியும்வரை இருக்கட்டும். வேப்பங்கொட்டைக் கரைசலை வீட்டில் இடித்துச் செய்தால் இந்தத் தலைவலியே இல்லை.

7. பதிவேடு

அழகான அச்சடித்த பதிவேடு தேவையில்லை. நூறு பக்க நோட்டு ஒன்று, அதில் தேதி, வயல், செய்த வேலை, போட்ட பொருள், அளவு, யார் செய்தது என்று ஆறு கட்டம். "12.10: கீழ வயல், ஜீவாமிர்தம் 200 லிட்டர், பாசன நீரோடு, நானும் தம்பியும்" என்று இவ்வளவு எழுதினால் போதும். அன்றன்று எழுத வேண்டும். ஆய்வுக்கு முந்தைய இரவு ஒரே பேனாவில், ஒரே மூச்சில் எழுதிய நோட்டு பார்த்தவுடன் தெரிந்துவிடும். சேறு படிந்து, மூன்று பேனா மாறி, ஓரம் மடங்கிய நோட்டுதான் ஆய்வில் எடுபடும்.

கூட்டப் பதிவேடு தனி. வருகை, பேசிய பொருள், எடுத்த முடிவு, கையெழுத்து. சான்று நிற்பதே இந்த வருகைப் பட்டியலின் மேல்தான் என்பதை நாங்கள் இரண்டாம் ஆண்டில்தான் புரிந்துகொண்டோம். வெளி ஆய்வாளர் இல்லாத முறையில், குழு உண்மையாகவே கூடியது என்பதற்கு வேறென்ன ஆதாரம் இருக்கிறது? பயிற்சி நாள்கள், வயல் நாள்கள் எல்லாவற்றுக்கும் தேதி தெரியும் புகைப்படம் ஒன்று எடுத்துவையுங்கள்.

8. சக விவசாயி ஆய்வு

பயிர் வயலில் நிற்கும்போது ஆய்வை வையுங்கள். அறுத்த பிறகு தாள்கட்டையைப் பார்த்து என்ன சொல்ல முடியும்? சம்பாவுக்குக் கார்த்திகை பின்பாதி எங்களுக்குத் தோதாக இருக்கிறது. ஒரு வயலுக்குக் குறைந்தது மூன்று பேர் போக வேண்டும். அவர்களில் ஒருவராவது படிவத்தை நிரப்ப எழுதப் படிக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். என் வயலை நீங்கள் ஆய்வு செய்தால் உங்கள் வயலுக்கு நான் ஆய்வாளராக வரக் கூடாது. இந்த விதியை மறந்து ஒரே நாளில் எல்லோரும் எல்லோர் வயலையும் சுற்றிவந்து கையெழுத்துப் போட்டால் மேலே திருப்பி அனுப்பிவிடுவார்கள். யார் யாருக்கு என்று முன்னதாகவே ஒரு சுற்றுப் பட்டியல் போடுங்கள்.

ஆய்வு என்பது வயலோடு முடிவதில்லை. மாட்டுக்கொட்டகை, வைக்கோல்போர், வீட்டுப் பின்கட்டு, நெல் சேமிக்கும் இடம் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். மருந்துப் புட்டிகள் வழக்கமாக ஒளிந்திருப்பது பின்கட்டுப் பரணில்தான். சொந்தக்காரர் வீட்டுப் பரணைப் பார்க்கச் சங்கடமாக இருக்கும். அதற்கு நாங்கள் கண்டுபிடித்த வழி, பக்கத்து ஊர்க் குழுவிலிருந்து ஒருவரையும், எங்களிடம் அரிசி வாங்கும் ஒரு வாடிக்கையாளரையும் கூட அழைத்துக்கொள்வது. இதற்கு முறையில் இடம் இருக்கிறது. மன்னார்குடியிலிருந்து வந்த ஆசிரியை ஒருவர் எங்கள் சேமிப்பறையில் நுழைந்ததும், "இந்தச் சாக்கு எதுக்கு?" என்று கேட்டார். பழைய யூரியாச் சாக்கில் விதைநெல் கட்டி வைத்திருந்தோம். மூன்று விவசாயிகளின் கண்ணில் படாதது அவர் கண்ணில் பட்டது.

குறை தெரிந்தால் அதை எழுதுங்கள். எந்தத் தவறுக்கு என்ன நடவடிக்கை என்று குழு முன்கூட்டியே தீர்மானித்து வைத்திருக்க வேண்டும். சாக்குக்கு எச்சரிக்கை, தடைசெய்த மருந்துக்கு அந்த வயலின் மாற்றக் காலம் மறுபடி தொடங்குதல் என்பதுபோல. மாமன் மச்சான் உறவு உடையாமல் இருக்க இந்த முன்தீர்மானம்தான் உதவுகிறது. எல்லோருக்கும் "குறை ஒன்றுமில்லை" என்று வரும் ஆய்வறிக்கையை நானே நம்ப மாட்டேன்.

ஆய்வுப் படிவங்கள் முடிந்ததும் குழு கூடி, யாருக்குச் சான்று, யாருக்கு இல்லை என்று முடிவெடுத்து, தொகுப்புத் தாளை இணையத்தில் ஏற்ற வேண்டும். ரீஜனல் கவுன்சில் ஒப்புதல் தந்தால் ஒவ்வொருவருக்கும் தனி அடையாளக் குறியீட்டோடு சான்று வரும். மாற்றக் காலம் முடியாதவருக்கு "பிஜிஎஸ் கிரீன்", முடிந்தவருக்கு "பிஜிஎஸ் ஆர்கானிக்".

9. அறுவடை முதல் அரிசி வரை

இரண்டாண்டு காத்த நெல் இரண்டு மணி நேரத்தில் கெட்டுப்போகக்கூடிய இடம் இது. அறுவடை இயந்திரம் முந்தைய வயலின் நெல்லைத் தொட்டியில் சுமந்துகொண்டுதான் உங்கள் வயலுக்கு வரும். ஓட்டுநரிடம் தொட்டியைக் காலிசெய்யச் சொல்லுங்கள். முதல் சுற்றில் கொட்டும் நெல்லை இரண்டு மூட்டையாவது தனியே பிடித்துச் சான்றில்லாத கணக்கில் சேருங்கள். காத்திருக்கும் நேரத்துக்கும் வாடகை ஓடும் என்பதால் அவர் முணுமுணுப்பார். வாடகை பேசும்போதே இதையும் பேசிவிடுங்கள். சாக்கு புதிதாக இருக்க வேண்டும். சேமிப்பில் வண்டுக்கு மாத்திரை வைக்கக் கூடாது. நன்றாகக் காயவைத்து, நொச்சி, வேப்பிலை போட்டுவைத்தால் தாங்கும்.

அரிசி ஆலையிலும் இதே கதைதான். சிறிய ஆலையாகப் பார்த்து, அன்றைய முதல் அரைவையாக உங்களுடையதைப் போடச் சொல்லுங்கள். 100 கிலோ நெல்லுக்கு 60 முதல் 65 கிலோ அரிசி எதிர்பார்க்கலாம். தவிடு நீக்காத அரிசி சீக்கிரம் வண்டு பிடிக்கும் என்பதால் மொத்தமாக அரைக்காமல், மாதத்துக்குத் தேவையானதை மட்டும் அரையுங்கள்.

10. லேபிளும் விற்பனையும்

பிஜிஎஸ் சான்றின் பொறுப்பு, நெல் உங்கள் குழுவின் கையில் இருக்கும்வரைதான். திறந்த மூட்டையாக வியாபாரிக்குப் போட்டுவிட்டால் அவர் அதைப் பொட்டலம் கட்டி பிஜிஎஸ் முத்திரை ஒட்ட முடியாது. ஆகவே பொட்டலம் கட்டுவதும் முத்திரை இடுவதும் உங்கள் கையால் நடக்க வேண்டும். பொட்டலத்தில் உங்கள் அடையாளக் குறியீடு, எடை, அரைத்த நாள், விலை, உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் ஆகியவை இருக்க வேண்டும். சிறு உற்பத்தியாளருக்கான அந்தப் பதிவுக்கு நான் செய்தபோது ஆண்டுக்கு 100 ரூபாய் ஆனது. "கிரீன்" நிலையில் இருக்கும்போது "ஆர்கானிக்" என்று அச்சடித்துவிடாதீர்கள். ஆயிரம் உறைகளை மொத்தமாக அச்சடித்துவிட்டு, சான்று தள்ளிப்போனதால் அத்தனையையும் பரணில் போட்டவன் சொல்கிறேன்.

அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் இயற்கை நெல்லுக்குத் தனி விலை கிடையாது. வாடிக்கையாளரைச் சான்று வந்த பிறகு தேடலாம் என்று இருக்காமல், முதல் ஆண்டிலேயே பத்துக் குடும்பங்களையாவது வயலுக்கு அழைத்து வந்து காட்டுங்கள்.

11. செலவும் காலமும்

அரசுக் கட்டணம் இல்லை என்பதால் செலவே இல்லை என்று எண்ண வேண்டாம். நகல், புகைப்படம், மண் ஆய்வு, ஊர்திச் செலவு, வயலில் வைக்கும் பெயர்ப்பலகை என்று எங்களுக்கு ஆளுக்கு இரண்டாயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவாக முதல் ஆண்டில் போனது. நஞ்சு எச்ச ஆய்வு கேட்டால்தான் பெரிய செலவு; தனியார் ஆய்வகத்தில் ஒரு மாதிரிக்கே பல ஆயிரம் ஆகும். கடைக்காரர் கேட்டால் செலவை அவரோடு பகிர்ந்துகொள்ளப் பேசுங்கள்.

இயற்கை விவசாயத்துக்கான மத்திய அரசுத் திட்டமான பரம்பராகத் கிருஷி விகாஸ் யோஜனாவில் உங்கள் பகுதி சேர்ந்திருந்தால் மூன்றாண்டுக்கு எக்டேருக்கு 31,500 ரூபாய் உதவி உண்டு. அதில் 15,000 ரூபாய் இடுபொருளுக்காக விவசாயியின் கணக்குக்கே வரும். இது தொகுப்பாகச் சேர்க்கும் திட்டம். தனிக் குழு நினைத்தவுடன் சேர முடியாது. வேளாண் அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். பணம் வந்தால் வரட்டும், வரும் என்று கணக்குப் போட்டுக் கடன் வாங்காதீர்கள். "மானியத்தோடு சான்று வாங்கித் தருகிறோம்" என்று ஊருக்குள் வந்து ஆதார் நகலையும் முன்பணத்தையும் கேட்கும் இடைத்தரகர்களை வாசலிலேயே நிறுத்திவிடுங்கள்.

காலக் கணக்கு இப்படி வரும். இந்தக் கோடையில் பதிவு செய்தால் வரும் தை மாசிச் சம்பா அறுவடைக்கு "கிரீன்" கையில் இருக்கலாம். 24 மாதம் முடிவது மூன்றாம் சம்பா நடவுக்கு முன். அந்த நெல்லுக்குத்தான் "ஆர்கானிக்" வரும். அதுவரை விளைச்சல் குறையும்; எங்களுக்கு முதல் இரண்டு ஆண்டும் குறைந்தது. கையில் ஒரு போகத்துக்கான குடும்பச் செலவை வைத்துக்கொண்டு இறங்குங்கள்.

12. புதுப்பித்தல்

சான்று 12 மாதம்தான் செல்லும். காலாவதியாவதற்கு இரண்டு மாதம் முன்பே ஆய்வை முடித்துத் தொகுப்புத் தாளை ஏற்றிவிடுங்கள். கணினி தெரிந்த அந்த ஒருவர் வேலைக்காக வெளியூர் போய்விட்டால் கடவுச்சொல்லும் அவரோடு போய்விடும், எங்களுக்கு நடந்தது. கடவுச்சொல்லைக் கூட்டப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி, பதிவேட்டைத் தலைவர் வீட்டு அலமாரியில் பூட்டிவையுங்கள்.